ஆறாம் வகுப்பில் அக்கா

"உன் சுடிதாருல இன்னோர் ஆளுக்கு எடம் கீது" என்று முதல் நாளே அமலா சொல்லிவிட்டாள்.

சொன்னது பொய்யில்லை. திண்டிவனத்துப் பெண்கள் பள்ளியில், ஆறாம் வகுப்பு சி பிரிவில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரில் இளவரசிதான் பொடிசு. கையை நீட்டினால் விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. மேல்கோட்டு முழங்காலைத் தொட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமலா டவுன்காரி. யாரைப் பார்த்தாலும் பத்து வருஷம் பழகியவள்போல் பேசுகிறவள். இளவரசியின் கழுத்துப் பட்டையை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்து, "ஹலோ, உள்ள யாருப்பா?" என்றாள். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. இளவரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு நொடி காத்திருந்தாள்.

வல்லத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அவளுடைய ஊர்ப் பள்ளியில் மொத்தம் இருபத்திரண்டு பிள்ளைகள். ஐந்து வகுப்புக்கும் ஒரே சார். அவர் பலகையில் எழுதிவிட்டு வெளியே போய் போன் பேசுவார். திரும்பி வரும்போது இரண்டாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் கலந்து உட்கார்ந்திருக்கும். இங்கே மணி அடித்தால் ஒரு மிஸ் போய் வேறு மிஸ் வந்தார். கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், தையலுக்குக்கூட ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோபம். கழிவறைக்கு ஆறாம் வகுப்பு தனியாகப் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்பு அக்கா ஒருத்தி மூன்று வருஷமாக இருக்கிறாளாம். "மூணு வருஷமா நைன்த்தா?" என்று கேட்டாள் அமலா. "பேயா இருந்தாக்கூட பாஸ் போட மாட்டாங்களா?"

முதல் பாடவேளையில் பிரபாவதி மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அவர்தான் வகுப்பாசிரியை. தலை நிமிராமல் பெயர்களைப் படித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து "உள்ளேன் மிஸ்" எழுந்தது.

"கலைப்பிரியா, கு."

பதில் இல்லை.

"கலைப்பிரியா. என்னம்மா, மொத நாளே ஆப்சென்ட்டா?"

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இளவரசியும் திரும்பிப் பார்த்தாள். யார் அந்தக் கலைப்பிரியா, பாவம், பஸ்ஸைத் தவற விட்டிருப்பாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் நினைவு வந்தது. அந்தப் பெயரை அவள் பார்த்திருக்கிறாள். மாற்றுச் சான்றிதழில், ஆதார் அட்டையில். சர்டிபிகேட் பேர் என்று அம்மா சொல்வாள். ஊர்ப் பள்ளியில் சார் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே "இளவரசி" என்றுதான் கூப்பிடுவார்; அந்த இன்னொரு பெயர் டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த துணிபோல, இருக்கிறது என்று தெரியும், எடுத்துப் பார்த்ததில்லை.

வாயைத் திறக்க நினைத்தாள். அதற்குள் குரல் கேட்டுவிட்டது.

"உள்ளேன் மிஸ்."

கணீரென்று, கொஞ்சமும் நடுங்காமல், அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே. மிஸ் நிமிர்ந்து பார்த்து, "சத்தம் நல்லாதான் இருக்கு. மொத தடவையே சொல்லணும்" என்றார். இளவரசி தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவள் பேசினால் இரண்டாவது பெஞ்சுக்குக் கேட்காது. சாமி பாட்டுப் பாடச் சொன்னால் அழுதுவிடுகிற பெண் அவள்.

"உன் பேரு பிரியாவா? ஷோக்கா கீதே" என்றாள் அமலா.

இல்லை, இளவரசி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வகுப்பில் ராணி என்று ஒரு பெண் இருந்தாள், அவளை அதற்குள் "எந்த நாட்டுக்கு ராணி, மயிலத்துக்கா?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இளவரசி தலையை ஆட்டி வைத்தாள். அன்றிலிருந்து அவள் பிரியா.

ஒரு வாரத்தில் அவளுக்கு விளங்கியது, பிரியாவுக்கும் தனக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது என்று. பிரியா வாயைத் திறந்து சிரித்தாள். கணக்கு மிஸ் கேள்வி கேட்டால் கை தானாக மேலே போனது. விடை தெரிந்ததா என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லி முடித்திருந்தது, பெரும்பாலும் சரியாக. கோ-கோவில் அவளைப் பிடிக்க முடியவில்லை. இளவரசி பின்னாலிருந்து, யாரோ ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்து போகிறவள்போல எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எங்கே மாறுகிறாள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். காலையில் ஊரில் பஸ் ஏறும்போது இளவரசிதான். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கரும்பும் மல்லாட்டையும் போகும்போதும் அவள்தான். திண்டிவனம் மேம்பாலத்தில் பஸ் ஏறி இறங்கும். அங்கே எங்கோ, வயிறு ஒருமுறை தூக்கிப் போடுமே, அந்த இடத்தில் பக்கத்தில் இருக்கை அழுந்துவதுபோல் இருக்கும். அப்புறம் இறங்கி நடப்பது பிரியா. சாயங்காலம் அதே பாலத்தில் அவள் விட்டுவிட்டுப் போனாள். பாலத்தின்மேல் கண்ணை மூடாமல் இருந்து பார்க்க வேண்டும் என்று இளவரசி நினைத்துக்கொள்வாள். ஒரு நாள்கூட முடிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை ஆயும்போது அம்மாவிடம் சொன்னாள். அடுத்தவர் நிலத்தில் பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் அவளும் காய்களை ஆய்ந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பூமாலை பேச்சு குறைந்தவள். கை மட்டும் நிற்காது.

"ம்மா, ஸ்கூல்ல எல்லாரும் கலைப்பிரியான்னே கூப்பிடறாங்க. எனக்கு ஒரு மாதிரி கீது. நீ வந்து பிரபா மிஸ்கிட்ட இளவரசின்னு மாத்தச் சொல்லும்மா."

"கூப்பிடட்டுமே. அது உங்க அக்கா பேரு."

அம்மா அதை, கூடையை இந்தப் பக்கம் தள்ளு என்பதுபோலச் சொன்னாள்.

இளவரசிக்கு அக்கா உண்டு என்பது தெரியும். அவள் பிறப்பதற்கு முன்பே, ஏழு மாதக் கைக்குழந்தையாகச் செத்துப்போனவள். வீட்டில் பாப்பா என்பார்கள். ஆடி மாதம் பாப்பா பிறந்த நாளில் பூவாடைக்குப் படைப்பார்கள். அகாலமாகப் போன பெண் பிள்ளையைச் சாமியாக்கிக் கூப்பிட்டுச் சோறு போடுகிற சடங்கு. புது முறத்தில் புதுத்துணி வைத்து, பூப்போட்டு, பால் வைப்பாள் அம்மா. அந்தத் துணி ஒவ்வொரு வருஷமும் ஒரு சுற்றுப் பெரிதாகும். முதலில் கைக்குழந்தைச் சட்டை, பிறகு கவுன், பிறகு பாவாடை. பாப்பா வளர்ந்துகொண்டிருந்தாள். படைத்து முடித்ததும் அந்தத் துணி இளவரசிக்கு வரும். அதனால்தான் அவள் உடுத்தியதெல்லாம் எப்போதும் ஒன்றரை வயது பெரியவளுக்கு எடுத்ததாக இருந்தது.

"என் பேரு?"

"உனக்கு சர்டிபிகேட் ஏது? நீ பொறந்தது செங்கச் சூளையில. அவளுக்கு ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. ஸ்கூல்ல சேக்கணும்னா பேப்பர் கேட்டாங்க, வயசும் பத்தலன்னாங்க. இருந்த பேப்பரக் குடுத்தோம்." பூமாலை ஒரு காயை உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். "வீணாப் போவாம இருந்துச்சே. நீ படிச்சா பாதி அவளுக்கும் போவும்."

அன்றிலிருந்து அம்மா அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய தேவை போய்விட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்ததுபோல் இருந்தது. சாயங்காலம் இளவரசி பையை இறக்கி வைத்ததும் கேட்பாள்: "அவ இன்னிக்கி என்ன படிச்சா?" கையெழுத்து நன்றாக இருந்த பக்கத்தை விரலால் தடவி, "இது அவ எழுதனதா?" என்பாள். அப்பா குமரேசன் மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருப்பார். அந்தக் கேள்வி வரும்போது மட்டும் எழுந்து வெளியே போவார்.

அம்மா கெட்டவள் இல்லை. இளவரசிக்கு அது தெரியும். தலைவாரிப் பின்னும்போது கை அவ்வளவு மெதுவாக இருக்கும். ஆனால் இப்போது அந்த மெதுவில் தனக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று தலைக்குள் ஒரு பங்கு பிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பங்கு பிரித்தால் தனக்குக் குறைவாகத்தான் வரும் என்று தோன்றியது. செத்துப்போனவளிடம் ஒரு குறையும் கிடையாது. அவள் பாலைச் சிந்துவதில்லை, ஜன்னி வந்து எழுப்புவதில்லை, மார்க்கைக் குறைப்பதில்லை.

ஜூலை முதல் வாரத்தில் இளவரசிக்குக் காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை பூராவும் பாயில் கிடந்தாள். அம்மா கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் வெயிலில் தகரக் கூரை சுருங்கி விரிகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனதும் அமலா அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "ஏய் பன்னி, என் பாவக்கா பூரா நேத்து நீயே துன்ன. எங்க அம்மா டப்பாவப் பாத்துட்டு நான்தான் துன்னேன்னு இன்னிக்கும் அதையே கட்டிட்டாங்க. பேஜாரு!"

"நேத்து நான் வரலையே."

"வெளாடாத."

"நெஜமா. காய்ச்சல். எனக்குப் பாவக்கா புடிக்கவே புடிக்காது."

"மாதா மேல சத்தியமா நீ துன்ன. டப்பாவ வழிச்சி நக்கன." அமலா சிரித்தாள், இளவரசியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டாள். "ஏன் இப்படி முழிக்கிற? நீதானே? இங்கதானே ஒக்காந்துக்கினு இருந்த?"

அமலா வாயைத் திறந்தால் பாதி கதை. அதனால் இளவரசி மத்தியானம் வரை பொறுத்தாள். பிரபாவதி மிஸ் மேசையில் பதிவேட்டை வைத்துவிட்டுச் சாக்பீஸ் எடுக்கப் போனபோது, நோட்டை வைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். பதினேழாம் எண். கலைப்பிரியா, கு. திங்கட்கிழமைக் கட்டத்தில் காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு, நீல மையில். வந்திருக்கிறாள்.

யாராவது விளையாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். மிஸ்தான் தலை நிமிராமல் கூப்பிடுகிறவர் ஆயிற்றே. அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அன்று பெஞ்சில் தன் இடத்தில் உட்காரும்போது, மரம் இளஞ்சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து இடம் விட்டதுபோல.

வீட்டில் சொன்னாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பூமாலையின் கை நின்று இளவரசி பார்த்ததில்லை.

"போயிருப்பா" என்றாள் அம்மா. முகம் மலர்ந்து போயிருந்தது. "நீ போவலன்னா என்னா. அவ போயிருப்பா."

அந்த இரவு, பாயில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இளவரசி யோசித்ததெல்லாம் ஒன்றுதான். பள்ளிக்கு அவள் தேவையில்லை. அமலாவுக்குச் சிரிக்க ஒரு பிரியா இருக்கிறாள், மிஸ்ஸுக்குக் கை தூக்க ஒருத்தி இருக்கிறாள், அம்மாவுக்கு ஒரு பாப்பா இருக்கிறாள். காய்ச்சல் இன்னும் நாலு நாள் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பாலத்தின்மேல் ஒரு சாயங்காலம் பிரியா இறங்காமலே வீடுவரை வந்துவிட்டால், அம்மா இரண்டு தட்டு வைப்பாளா?

அடுத்த வாரம் பிரபாவதி மிஸ் வகுப்பில் அறிவித்தார். "பேரு, பொறந்த தேதி, எதுல தப்பு இருந்தாலும் இந்த மாசக் கடைசிக்குள்ள அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாங்க. இப்ப விட்டா டென்த் சர்டிபிகேட்டுல இதேதான் வரும். அப்புறம் ஆயுசுக்கும் இதான் உங்க பேரு, புரிஞ்சிதா?"

ஆயுசுக்கும். இளவரசி இடைவேளையில் மிஸ்ஸிடம் தனியாகப் போனாள். பிரியாவுக்கு மிஸ்ஸிடம் பேசப் பயமில்லை; ஆனால் அன்று பிரியா வரவில்லை, வாய் ஒட்டிக்கொண்டது. "மிஸ், என் பேரு... வேற" என்று மட்டும் வந்தது. மிஸ் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அம்மாவக் கூட்டிட்டு வா கண்ணு. அவங்க வந்து சொல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மா வர மறுத்துவிட்டாள்.

"அடிச்சிடுவாங்களா, அவ பேர? கோடு போட்டு?"

"என் பேர எழுதணும்னா..."

"ஒரு தடவ பொதச்சாச்சுடி. திரும்பவும் என்னால ஆவாது."

இளவரசி அதோடு விட்டுவிட்டாள்.

ஆடி மாதம் பாப்பாவின் பிறந்த நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. பெரியம்மா பாஞ்சாலி காலையிலேயே வந்துவிட்டாள். அம்மாவின் அக்கா, சாமி கூப்பிடுவது, குறி கேட்பது, கறி வேகவைப்பது எல்லாவற்றிலும் கைதேர்ந்தவள். கிணற்றிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வேப்பிலை செருகி, நடுவீட்டில் வைத்தார்கள். முறத்தில் அந்த வருஷத்துத் துணி. இளவரசி எட்டிப் பார்த்தாள். இந்த முறை பாவாடை இல்லை. சுடிதார். பள்ளிக்கூடத்துச் சீருடை நிறம். அம்மா தையல்காரரிடம் ஒரே மாதிரி இரண்டு தைத்து வாங்கியிருந்தாள்.

"எங்க, எல்லாரும் கும்பிடுங்க. ஜல்தி, கெழக்க பாத்து நில்லு குமரேசா" என்று பெரியம்மா அதட்டினாள். கற்பூரம் எரிந்தது. பதினோரு மணி வெயில் வாசற்படிவரை வந்து நின்றது. அம்மா முறத்தின் முன்னால் மண்டியிட்டு, முந்தானையை ஏந்திக் கூப்பிட்டாள். எல்லா வருஷமும் "வாம்மா பாப்பா, வந்து சாப்புடும்மா" என்றுதான் கூப்பிடுவாள். இந்த வருஷம் பெயர் வெளியே வந்துவிட்டதல்லவா.

"கலைப்பிரியா" என்று கூப்பிட்டாள் அம்மா.

"உள்ளேன் மிஸ்."

இளவரசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றரை மாதமாகக் காலையும் மாலையும் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினாள்.

அடி விழவில்லை. கற்பூரம் சடசடத்தது. பெரியம்மா மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரைப் பிடித்தாள். அவளுக்கு எத்தனையோ சாமிகள் வந்து பார்த்த அனுபவம் உண்டு. குலவை போட்டு, தலை சுற்றி, எலுமிச்சம்பழம் கேட்டு வந்த சாமிகள். பள்ளிக்கூடத்து மரியாதையோடு வந்த சாமியை அவள் கண்டதில்லை. "யாரு... யாரும்மா வந்துக்கிறது?" என்றாள் குரல் பிசிற.

நான்தான், இளவரசி, தெரியாம வந்துட்டுது. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இளவரசி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கண் முழுக்க, ஒன்றும் மிச்சம் வைக்காமல், வேறு எங்கும் பங்கு போகாமல் பார்த்தாள். இதற்காகத்தான் இத்தனை நாள் பெரிய துணிகளுக்குள் சுருண்டு கிடந்தோம் என்று இளவரசிக்குத் தோன்றியது. வாயைத் திறந்து தன் பெயரைச் சொன்னால் அந்தப் பார்வை அணைந்துவிடும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் எரியும், ஆனால் அவள்மேல் இல்லை.

கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ம்மா, எனக்கு டிசி வாங்கிக் குடு" என்றாள்.

"டிசியா?" என்றார் அப்பா.

பெரியம்மா அவரை முறைத்துவிட்டு, சாமிக்குக் கேட்க வேண்டிய முறையில் கேட்டாள்: "எந்த ஊரு ஸ்கூலுக்கும்மா போற?"

"எந்த ஸ்கூலுக்கும் இல்ல. எனக்குப் படிப்பு போதும். பெஞ்சுல எடம் பத்தல பெரிம்மா. அவ ஒக்கார எடத்துல நான் ஒக்காந்துக்கினு கீறேன். அவ எங்க போவா?" இது தான் பேசுவதுதான் என்று இளவரசிக்குத் தெரிந்தது. நடிக்கிறோம் என்று தெரிந்தது. ஆனால் குரல் பிரியாவுடையது, கணீரென்று. "பேர அடிச்சிடச் சொல்லும்மா. வலிக்காது."

பூமாலை அழவில்லை. முந்தானையை இன்னும் ஏந்தியபடியே இருந்தாள். "அடிச்சிட்டா நீ எங்க கண்ணு போவ?" என்று கேட்டாள். "நான் உன்ன எங்கன்னு தேடுவேன்?"

இவ்வளவு தூரம் இளவரசி யோசித்திருக்கவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லலாம் என்று உதட்டைப் பிரித்தாள்.

"அங்கயேதான் இருப்பேன்" என்றது வாய். "சூளையில, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. வேப்பங்கன்னு பக்கத்துல. அப்பா செவப்புத் துண்டுல சுத்தி வெச்சாரு. துண்டு பத்தலன்னு அவரு சட்டையக் கழட்டிக் காலுக்குப் போட்டாரு. மேல சுடாத பச்சக் கல்லு மூணு அடுக்கனாரு. அதுல ஒண்ணு ஒடஞ்ச கல்லு."

இளவரசி தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தச் சூளை தெரியாது. வேப்பங்கன்று தெரியாது. அப்பா சுவரோடு சரிந்து, உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"நெஜமா?" என்று கேட்டாள். "நீ எனக்குச் சொல்லவே இல்லியே. எங்க வெச்சன்னு எத்தன தடவ கேட்டேன்."

"சட்ட இல்லாம வந்தேனே" என்றார் அப்பா கைகளுக்குள்ளிருந்து. "நீ பாக்கல. மயக்கத்துல கெடந்த. யாரும் பாக்கல பூமாலை. மேஸ்திரி கூட தூங்கிக்கினு இருந்தாரு."

அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பத்து வருஷமாகப் பேசாமல் விட்டதை, முறத்தின் முன்னால், விட்டுவிட்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்தி. பெரியம்மா சாமியை மலையேற்ற வேண்டும் என்பதையே மறந்துபோனாள். இளவரசி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் யாரும் பார்க்கவில்லை. உடம்பு லேசாகிக்கொண்டே போனது; ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோலவும், கையிலிருந்ததை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதுபோலவும் இருந்தது.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. அவளும் அப்பாவும் இளவரசியும் பள்ளிக்குப் போய் மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நீண்ட பட்டியல் சொன்னார்: பெரியவளின் இறப்பைப் பதிய வேண்டும், சின்னவளின் பிறப்பைப் பதிய வேண்டும், இரண்டுக்கும் மனு வேண்டும், சாட்சி வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பழைய பெயர்தான்.

அன்று காலை பஸ்ஸில் பள்ளிக்கு வந்தபோதே இளவரசிக்குத் தெரிந்துவிட்டது. பாலத்தில் வயிறு தூக்கிப் போட்டது. பக்கத்து இருக்கை அழுந்தவில்லை. அவள் கையை வைத்துப் பார்த்தாள்; ரெக்சின் குளிர்ந்து கிடந்தது. இனி கணக்கு மிஸ் கேட்டால் யார் கை தூக்குவது, அமலாவைச் சிரிக்க வைப்பது யார் என்ற கவலை முதன்முதலாக வந்தது. அமலாவுக்கு என்னைப் பிடிக்குமா? அவள் பழகியது வேறொருத்தியிடம் அல்லவா.

தாலுகா அலுவலகத்துக்கு வெளியே புங்கமரத்தடியில் மனு எழுதுகிறவர் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் மனுவுக்கு அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கலைப்பிரியா பிறந்த தேதி, கிழமை, நேரம், எடை, ஆஸ்பத்திரிக் கட்டிலின் எண். இறந்த தேதியை மட்டும் அப்பா சொன்னார். எழுதுகிறவர் ஒரு பக்கம் நிறைத்துவிட்டு இரண்டாவது தாளை எடுத்தார்.

"இந்தப் பாப்பா பொறந்தது?"

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். "பங்குனி" என்றாள். "சூளைக்குத் தீ வெச்ச ரெண்டாம் நாளு."

"தேதிம்மா."

"வெயிலு. நல்ல வெயிலு. பக்கத்துல போவ முடியல, அவ்ளோ அனலு." அம்மா புருவத்தைச் சுருக்கினாள். எதையோ வெகு தூரத்தில் பார்க்கிறவள்போல் இருந்தாள். "கத்தவே இல்ல இவ. செத்துதான் பொறந்துட்டுதுன்னு நெனச்சிட்டேன். திரும்பிப் படுத்துக்கினேன். அப்புறம் மொனகனா. சின்னதா. பூனக்குட்டி மாதிரி." அவள் இளவரசியைப் பார்த்தாள். கற்பூர வெளிச்சத்தில் பார்த்த பார்வை இல்லை அது. கொஞ்சம் வெட்கப்பட்ட, அடையாளம் கண்டுபிடிக்கத் தடுமாறுகிற பார்வை. "நான்தான் லேட்டாத் திரும்பினேன்" என்றாள்.

"சரி, தேதிய வி.ஏ.ஓ.கிட்ட கேட்டுப் போட்டுக்கலாம்." எழுதுகிறவர் பேனாவை உதறினார். "பேரு?"

"க" என்று ஆரம்பித்து அம்மா நிறுத்திக்கொண்டாள். "நீயே சொல்லு" என்றாள்.

இளவரசி பழக்கத்தில் காத்திருந்தாள், அந்தக் குரல் முந்திக்கொள்ளட்டும் என்று. புங்கமரத்தில் காக்கை நகர்ந்தது. பின்னால் யாரோ ஆதார் ஜெராக்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குரல் வரவில்லை. தொண்டைக்குள் இருட்டாக, காலியாக இருந்தது. அதன் அடியில் எங்கோ, உலர்ந்து போய், அவளுடையது கிடந்தது.

"இளவரசி" என்றாள்.

"கேக்கலம்மா" என்றார் மனு எழுதுகிறவர். "இன்னொரு தடவ சொல்லு."